தோண்டாத நிலத்தின் காவல்

நிலத்தினுள்ளே கனிமம் உண்டென அறிந்தும் அதனைத் தோண்டாது வைத்திருத்தல் ஓர் உரிமையாகுமா? அவ்வுரிமைக்குக் கால எல்லை உண்டா? மாத்தளை மாவட்டத்தின் வரலாறு இவ்வினாக்களுக்கு விடை கூறுகின்றது.

இரத்தோட்டையை அடுத்த கைக்காவலைப் பகுதியிலே பீங்கான் தொழிலுக்கு வேண்டிய பெல்சுபார் உண்டு. வடகிழக்கே எலகரையை ஒட்டிய பகுதிகள் மணிக்கற்களுக்குப் பெயர்பெற்றவை. இந்நிலமெல்லாம் முன்னர்க் கண்டி இராச்சியத்துக்கு உட்பட்டிருந்தது. 1660இல் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களிடம் சிறைப்பட்டு, 1679இல் தப்பிச்சென்ற றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இல் வெளியிட்ட நூலில் ஒரு செய்தி கூறுகின்றார். அரசனிடம் மணிகள் நிறைய இருந்தமையால் புதியன தேட அவன் விரும்பவில்லை. மணிகள் உள்ள சில இடங்களில் கூரிய கழுமரங்கள் நடப்பட்டிருந்தன. அவ்வழியே செல்பவன் அம்மரத்திலேயே ஏற்றப்படுவான் என்பது அதன் பொருள். தோண்டாத நிலத்துக்கு அன்று நின்ற காவல் அதுவே.

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், காடும் தரிசும் முடிக்குரியன என அனுமானித்து, உரிமையை நிறுவும் பொறுப்பைக் குடியானவன்மீது சுமத்தியது. 1903இல் கனிம அளவைப் பணி தொடங்கியது. கலையறிஞராக நாம் போற்றும் ஆனந்த குமாரசுவாமி அவர்களே அதன் முதற் பணிப்பாளர். தேடுதல் வேறு, தோண்டுதல் வேறு என்னும் தெளிவு இத்தகைய ஆய்வினால் வலுப்பெற்றது.

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டம் அத்தெளிவை விதியாக்கியது. நிலம் எவருடையதாயினும், அதிலுள்ள கனிமம் குடியரசுக்கே உரியது என்றது. தேடுதற்கு ஆய்வு உரிமமும், எடுத்தற்கு அகழ்வு உரிமமும் வேறு வேறாக வகுத்தது. ஆய்வு உரிமம் பெற்றவர் அதனைக் கொண்டே அகழ்தல் ஆகாது. மணிக்கற்களுக்கோ, 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்த் தனி அதிகாரசபை உண்டு.

கண்டறிந்த கனிமத்தை உடனே எடுக்க இயலாத நிலையும் நேரும். சந்தையில் விலை குன்றியிருக்கலாம். பாதையும் நீரும் இல்லாதிருக்கலாம். ஆபிரிக்காவின் நமீபியா நாடு இதற்கென்றே ஒரு வழி கண்டது. வியப்பு யாதெனின், அந்நாட்டுச் சட்டமும் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டமே! இப்போது எடுத்தல் இலாபந்தராது எனக் காட்டுவோர்க்கு, வரையறுத்த காலத்துக்குக் கனிமத்தை எடுக்காது வைத்திருக்க அது தனி உரிமம் அளிக்கின்றது. காரணமும் காலமும் கேளாது அளித்தால், வசதியுள்ளவர் ஊரார் நிலத்தை வெறுங் காகிதத்தால் பூட்டிவைத்துவிடுவர்.

அரசன் நட்ட கழுமரத்தில் முடிவுநாள் எழுதப்படவில்லை. இன்றைய உரிமத்தில் அது எழுதப்படுகின்றது. தம் வயலை உள்ளடக்கி உரிமம் வழங்கப்பட்டதென அறியும் உழவர், முதலிற் கேட்டறிய வேண்டியதும் அந்நாளையே.