ஊர் கூடி இழுக்கும் தேர்

கேரளத்தின் கிழக்கெல்லையில் தமிழ் வழங்கும் ஊர்கள் பல உண்டு. பாலக்காட்டுப் பகுதியில் சித்தூரும் கொழிஞ்சாம்பாறையும், இடுக்கி மலைநாட்டில் தேவிகுளமும் மூணாறும் பீருமேடும் அத்தகையன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இவை கேரளத்தில் அடங்கின. தமிழ்வழிப் பள்ளிகள் அங்கே இன்றும் நடைபெறுகின்றன. அயல் மாநிலங்களில் வாழும் நமக்கு அவற்றின் நிலை அறியத்தக்கது.

கேரள அரசுப் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளின்மீது நிறுவினர். 2017-இல் அமைந்த 'கைட்' நிறுவனம் இப்பணியை நடத்திவருகிறது. பள்ளிகளுக்கென அது வழங்கும் லினக்ஸ் தொகுப்பு, உபுண்டு என்பதை அடியொற்றியது. உபுண்டுவோ டெபியன் என்னும் தாய்மரத்தின் கிளை. அம்மரத்தை நட்டவர் இயான் மர்டாக்.

1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் கருவை இயற்றினார். ஆயினும் கருவொன்றால் கணிப்பொறி பயன்தராது; வேண்டிய மென்பொருள்களை அதனோடு பொருத்தி, ஒரு தொகுப்பாக்கி வழங்குதல் வேண்டும். அக்காலத் தொகுப்புகளில் குறைகள் மலிந்திருந்தன. அவற்றைக் கண்டு மனம் நிறையாத மர்டாக், அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் பயிலும்போதே, 1993 ஆகஸ்டு 16-ஆம் நாள் டெபியனை அறிவித்தார். அப்போது அவருக்கு வயது இருபது. தம் காதலி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்தே அப்பெயரைப் படைத்தார்.

அவருடைய பெருமை முதலில் தொடங்கியதில் மட்டும் இல்லை. அதே ஆண்டில் பிறந்த ஸ்லாக்வேரும் இன்றளவும் வாழ்கிறது. மர்டாக் செய்த சிறப்பு வேறு. தொகுப்பைத் தாம் ஒருவரே ஆளாமல், ஒவ்வொரு மென்பொருளையும் ஒருவர் பொறுப்பேற்றுப் பேணுமாறு பணியைப் பலர்க்கும் பகிர்ந்தளித்தார். 1996-இல் தலைமையினின்று விலகினார், பணி நிற்கவில்லை. 1997-இல் டெபியன் தன் சமுதாய ஒப்பந்தத்தை வெளியிட்டது. இன்று உறுப்பினர் வாக்களித்தே தலைவரைத் தேர்கின்றனர். 2015 டிசம்பர் 28-ஆம் நாள் மர்டாக் தம் 42-ஆம் வயதில் மறைந்தார். அவர் நட்ட மரம் தழைத்தே நிற்கிறது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இதில் ஒரு செய்தி மிக முக்கியமாகப் படுகிறது. விலைக்கு விற்கும் மென்பொருளில் ஒரு மொழி இடம்பெற வேண்டுமாயின், உடையவர்க்கு ஆதாயம் தோன்ற வேண்டும். சிறுபான்மையினர் மொழிக்கு அந்த வாய்ப்பு அரிது. கட்டற்ற மென்பொருளிலோ எவர் அனுமதிக்கும் காத்திராமல், மொழியறிந்தோர் தாமே பெயர்த்துச் சேர்க்கலாம். டெபியனை நிறுவும் நிரலில் தமிழ் இடம்பெற்றிருப்பது அங்ஙனமே. அது தன்னார்வலர் உழைப்பின் பயன்.

ஆனால் புதிய பதிப்புதோறும் புதிய சொற்றொடர்கள் வந்துசேரும்; பெயர்ப்பார் இல்லையேல் அவை ஆங்கிலத்திலேயே நின்றுவிடும். உரிமை உண்டு, உழைப்பார் தேவை. இருபது வயது இளைஞர் ஒருவர் ஊர் கூடி இழுப்பதற்கென்றே தேர் செய்து, வடத்தை நீளமாக விட்டுச் சென்றார். எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும் அவ்வடம் நம் கைக்கும் எட்டும்.