கம்பம் பள்ளத்தாக்கும் பூதான யாத்திரையும்

கம்பம் பள்ளத்தாக்கை உள்ளடக்கிய இன்றைய தேனி மாவட்டம் 1996 வரை மதுரை ஜில்லாவின் அங்கமாகவே இருந்தது. அந்த மதுரை ஜில்லாவே தமிழகத்தில், ஊர் நிலத்தை ஊர்ப் பொதுவாக்கும் கிராமதான இயக்கத்தின் பிரதான க்ஷேத்திரமாக விளங்கிற்று.

1951 ஏப்ரல் 18ஆம் தேதி, தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் நிலமற்ற ஹரிஜனக் குடும்பங்கள் 80 ஏக்கர் வேண்டுமென்று கேட்க, ராமச்சந்திர ரெட்டி என்னும் நிலச்சுவான்தார் 100 ஏக்கர் தருவதாக எழுந்து நின்று சொன்ன அந்தக் கணத்திலிருந்து, ஆசாரிய வினோபா பாவே, ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டில் தம்மை ஆறாவது பிள்ளையாகப் பாவித்து நிலத்தில் ஒரு பங்கைப் பூதானமாக ஈயுமாறு யாசித்தவண்ணம், ஏறத்தாழ 13 ஆண்டுகள் தேசம் நெடுகிலும் கால்நடையாகவே சஞ்சரித்தார். 1956இல் தமிழகம் புகுந்தவர், 1957 ஏப்ரலில் கன்னியாகுமரிக் கடற்கரையில் கிராம சுயராஜ்யத்துக்காகச் சங்கற்பம் செய்துகொண்டு, 1959இல் காஷ்மீரம் வரை நடந்தார். தமிழகத்தில் சர்வோதய ஊழியர்களான ஜகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் அவ்வழியே ஊர் ஊராக நடந்தார்கள்.

1895இல் திறக்கப்பெற்ற பெரியாற்று அணையின் நீரால் செழித்த கம்பம் பள்ளத்தாக்கில், வாய்க்கால் பாயும் வயலில் ஒரு குழியையேனும் மனமுவந்து விட்டுக்கொடுப்பது எத்தகைய தியாகம் என்பதை உழுது உண்பவரே அறிவர். அதை அதிகாரத்தால் அன்றி அன்பினால் கேட்கத் துணிந்ததே பூதான இயக்கத்தின் மகிமை என்பேன். 1958இல் சென்னை ராஜ்யத்தில் பூதான யக்ஞச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் தானமாக வந்தவற்றுள் கரடும் பாறையும் கலந்திருந்தமையால், நிலம் பெற்றவனுக்குக் கிணறும் காளையும் தேடித்தரும் பொறுப்பும் சர்வோதய ஊழியர்களையே சார்ந்தது.