பெயர் சொல்லி அழைத்த இருவர்: இலங்கை வானொலியும் பேஸ்புக் வாட்சும்

இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையையும் பேஸ்புக்கின் காணொளிப் பகுதியாக இருந்த வாட்சையும் சேர்த்து வைத்து ஒப்பிட யாருக்கும் சட்டென்று தோன்றாது. ஒன்று அரசின் குரல். மற்றது கலிபோர்னிய நிறுவனமொன்றின் வியாபாரம். ஒன்று காதுக்கு, மற்றது கண்ணுக்கு. ஆனால் கிழக்கே களப்பும் மேற்கே கடலுமாகக் கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டில், குறிஞ்சிப்பிட்டி போன்றதோர் ஊரிலிருந்து பார்த்தால், இரண்டும் ஒரே விதமாகத்தான் வீட்டுக்குள் வந்தன: கட்டணம் கேட்காமல், விளம்பரத்தைச் சுமந்துகொண்டு, தூரத்தில் இருக்கும் சொந்தக்காரரின் பெயரைச் சொல்லிக்கொண்டு.

வானொலிக்கு வாய்ப்பு அயல்நாட்டிலிருந்து கிடைத்தது. 1952இல் அமைச்சர் பி.வி. கேஸ்கரின் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடலை ஒதுக்கியது; ஒதுக்கப்பட்ட பாட்டு கொழும்பிலிருந்து சிற்றலை ஏறி இந்தியாவுக்கே திரும்பிப் போனது. டெல்லி விழித்துக்கொண்டு விவித பாரதி என்ற பாடல் சேவையைத் தொடங்க 1957 ஒக்டோபர் ஆயிற்று. வாட்சுக்கு அப்படியொரு வெற்றிடம் வாய்க்கவில்லை. 2017 ஓகஸ்டில் அமெரிக்காவிலும், ஓராண்டு கழித்து உலகெங்கும் அது அறிமுகமானபோது, யூடியூப் அந்த இடத்தில் எப்போதோ கால்நீட்டி உட்கார்ந்துவிட்டது. வானொலி போட்டியாளர் காலி செய்த நாற்காலியில் அமர்ந்தது. வாட்ச் நிரம்பிய அவையில் இடம் தேடியது.

இடம் தேடியவர் செலவு செய்தாக வேண்டும். வாட்ச் எலிசபெத் ஓல்சன் நடித்த 'சாரி ஃபார் யுவர் லாஸ்' தொடருக்குப் பணம் போட்டது. ஜேடா பிங்கெட் ஸ்மித்தின் 'ரெட் டேபிள் டாக்' உரையாடலை நடத்தியது. ஐ.பி.எல். போட்டிகளின் இணைய உரிமைக்கு 2017இல் பேஸ்புக் 3,900 கோடி இந்திய ரூபாய் வரை கேட்டுப் பார்த்து, ஸ்டார் நிறுவனத்திடம் தோற்றது. மறுவருடம் ஸ்பெயினின் லா லிகா உதைபந்தாட்டத்தை மூன்று பருவங்களுக்கு வாங்கி, இலங்கை உட்பட இத்துணைக்கண்டத்துக்கு இலவசமாகக் காட்டியது.

வானொலியோ தானே உண்டாக்கிய பாட்டால் கடல் கடந்து பெயர் வாங்கவில்லை. பெரும்பாலான பாட்டுகள் சென்னையில் பிறந்தவை. இசைத்தட்டில் எவருக்கும் கிடைப்பவை. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளிதான் வானொலியின் சொந்த நிலம். அந்த நிலத்தில் எஸ்.பி. மயில்வாகனனும், கே.எஸ். ராஜாவும், பி.எச். அப்துல் ஹமீதும் விளைவித்ததைக் கடலுக்கு அப்பாலும் அள்ளிக்கொண்டார்கள்.

இங்கேதான் எதிர்பாராத உறவு தலைகாட்டுகிறது. வானொலியின் பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சியைக் கேட்டவர்களுக்கு அதன் அமைப்பு தெரியும். குழந்தையின் பெயர் ஒரு வரி. வாழ்த்துவோர் பட்டியல் பத்து வரி. அப்பா, அம்மா, அப்பப்பா, அம்மம்மா, மாமா, மாமி என்று உறவு முழுவதும் வரிசையில் வந்து நின்ற பிறகே பாட்டு. வாட்ச் தொடங்கியபோது அதன் முகப்பிலும் ஒரு வரிசை இருந்தது: உங்கள் நண்பர்கள் பார்த்துக்கொண்டிருப்பவை. பாட்டைவிடப் பட்டியல் முக்கியம் என்பதை வானொலி அஞ்சலட்டைகளிலிருந்து அறிந்தது. காணொளியைவிட அதைப் பார்த்தவர் முக்கியம் என்பதை வாட்ச் கணினிக் கணக்கிலிருந்து அறிந்தது. ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கலாகாது. வானொலியில் பெயர் வர நேயர் எழுதிக் கேட்க வேண்டியிருந்தது, காத்திருக்க வேண்டியிருந்தது. வாட்சில் பெயர் கேளாமலே ஏறிவிட்டது.

நேரத்தைக் கையாண்ட விதத்திலும் இப்படியொரு தலைகீழ் ஒற்றுமை. வானொலியில் தவறவிட்ட பாட்டு போனதுதான். அதனாலேயே ஊரெல்லாம் ஒரே நொடியில் ஒரே பாட்டைக் கேட்டது. வாட்சில் எதுவும் தவறவில்லை. அதனாலேயே ஒவ்வொருவரும் தனித்தனியே பார்த்தார்கள். அந்தத் தனிமையைப் போக்க 2018இல் 'வாட்ச் பார்ட்டி' என்ற வசதி வந்தது. டோஹாவில் வேலை செய்யும் தகப்பனும் புத்தளத்தில் இருக்கும் பிள்ளையும் ஒரே காணொளியை ஒரே நேரத்தில் பார்க்க அது வழி செய்தது. 2021 ஏப்ரலில் அதை நிறுத்திவிட்டார்கள். வானொலிக்குக் குறையாக இருந்ததை, வாட்ச் வசதியாகத் தயாரித்துப் பார்த்தது.

பொறுப்பு என்று வரும்போது இரண்டும் பிரிகின்றன. 2019 மே மாதம் சிலாபத்தில் ஒரு பேஸ்புக் பதிவைச் சுற்றி எழுந்த பதற்றம், புத்தளம் மாவட்டம் உட்பட வடமேல் மாகாணத்து முஸ்லிம் ஊர்கள் மீது வன்முறையாகப் பாய்ந்தது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் செய்தது போலவே, அரசு சமூக ஊடகங்களை மறுபடி முடக்கியது. லா லிகாவும் பிறந்தநாள் வாழ்த்தும் வதந்தியோடு சேர்ந்தே அடைபட்டன. ஒரே கையில் இருந்த வானொலியில் எவரோ கிளப்பும் வதந்தி ஏறாது. அந்தக் கைக்குப் பிடிக்காத உண்மையும் ஏறாது. பலர் கையில் இருந்த வாட்சில் இரண்டும் ஏறின.

வாட்சுக்கு ஆள் சேரவில்லை என்று சொல்ல முடியாது. மாதந்தோறும் 125 கோடிப் பேர் வருவதாக 2020இல் நிறுவனமே அறிவித்தது. ஆனாலும் 2023இல் சொந்தத் தொடர்களைத் தயாரித்த பிரிவு மூடப்பட்டது. வாட்ச் என்ற பெயரும் போய், அந்தப் பகுதி வெறும் 'வீடியோ' ஆயிற்று. வந்த கூட்டம் தொடர்களுக்காக வரவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். தெரிந்தவர் பகிர்ந்த துண்டுக் காட்சிக்காகவே பெரும்பாலோர் வந்திருக்க வேண்டும். ஏராளமாகச் செலவழித்து வாட்ச் வந்து சேர்ந்த இந்த முடிவு, அஞ்சலட்டைகளைப் பிரித்து வாசித்துக்கொண்டிருந்த அறிவிப்பாளர்களுக்கு முதல் நாளிலேயே தெரிந்திருந்தது. ஆனால் அட்டையை வாசித்தவர் அதில் இருந்த பெயருக்குப் பொறுப்பேற்றார். வாட்ச் கற்றுக்கொள்ளாமல் விட்டது அந்த ஒன்றைத்தான்.