கவனம் பெறட்டும் தட்டணுக்கள்!

கர்ப்பிணியின் ரத்தப் பரிசோதனை அறிக்கை வந்ததும் குடும்பத்தினரின் கண்கள் முதலில் தேடுவது ஹீமோகுளோபின் அளவைத்தான். ரத்தசோகை பரவலாக உள்ள நம் நாட்டில் அது இயல்பே. ஆனால், முழு ரத்த அணுப் பரிசோதனையின் அதே தாளில் அச்சாகியிருக்கும் தட்டணுக்களின் எண்ணிக்கையைப் பலரும் பார்ப்பதில்லை. அதை அறியக் கூடுதல் செலவு எதுவுமில்லை. கையிலுள்ள தகவலைப் பயன்படுத்தாமல் விடுவதுதான் இழப்பு.

ரத்தம் உறையத் துணைபுரியும் தட்டணுக்கள் ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருக்க வேண்டும். கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு இந்த அளவு குறைகிறது. சோதனைக் குழாயில் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலும் கருவி குறைவாகக் காட்டும் என்பதால், நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்வதே முதல் படி.

இவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினருக்கு ஏற்படுவது கர்ப்பகாலத்துக்கே உரிய தற்காலிகக் குறைவு. பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில் தோன்றும் இது, பிரசவத்துக்குப் பின் சில வாரங்களில் தானாகவே சீராகிவிடும்.

எஞ்சியவர்களிடம்தான் விழிப்பு தேவை. உயர் ரத்த அழுத்தம், கடும் தலைவலி, மேல்வயிற்று வலி ஆகியவற்றுடன் தட்டணுக்களும் குறைந்தால் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். டெங்கு காய்ச்சலும் காரணமாகலாம்.

மற்றொன்று, உடலின் எதிர்ப்பாற்றலே தட்டணுக்களை அழிக்கும் 'ஐ.டி.பி.' என்னும் நோய். தட்டணுக்கள் 30,000-க்குக் கீழே சென்றாலோ, ரத்தக்கசிவு இருந்தாலோ பொதுவாகச் சிகிச்சை தொடங்கப்படும். மலிவான ஸ்டீராய்டு மாத்திரையே பலருக்குப் பலன் தரும். விலை மிகுந்த இம்யூனோகுளோபுலின் ஊசி சிலருக்கே தேவைப்படும். பிரசவத்துக்கு 50,000-உம், முதுகுத்தண்டில் மயக்க மருந்து செலுத்த ஏறத்தாழ 70,000-உம் இருப்பது நல்லது. இந்த நோய்க்காக மட்டுமே அறுவைச் சிகிச்சைப் பிரசவம் தேவையில்லை.

தாயின் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியே சிசுவையும் சென்றடையும் என்பதால், பிறந்த குழந்தையின் தட்டணுக்களையும் முதல் சில நாள்களுக்குக் கண்காணிக்க வேண்டும். வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கி உண்பதையும், பிறர் சொல்கேட்டுப் பப்பாளி இலைச் சாறு அருந்துவதையும் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும்.

தானமாகப் பெறும் தட்டணுக்களைப் பொதுவாக 5 நாள்களுக்கு மேல் சேமிக்க இயலாது. எல்லா ஊர்களிலும் அவை எந்நேரமும் கிடைத்துவிடாது. பிரசவ அறையில் தெரிய வந்தால் ஓட்டமும் பதற்றமுமே மிஞ்சும்; முன்பே அறிந்தால் ரத்த வங்கியும் குழந்தை மருத்துவரும் உள்ள மருத்துவமனையைக் குடும்பம் நிதானமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

அடுத்த பரிசோதனையின்போது ஹீமோகுளோபினுடன் தட்டணுக்களின் எண்ணிக்கையையும் கேட்டறிவோம். தாய்-சேய் நலனுக்கு அந்த ஒரு கேள்வி பேருதவியாக அமையும்.

கட்டுரையாளர்: பேராசிரியர் (ஓய்வு).