மேடாகிப்போன கோட்டை

கோட்டை என்றதும் கொடி பறக்கும் கொத்தளம் நம் கண்முன் எழுகிறது. கொற்றவன் வீரம் நினைவுக்கு வருகிறது. அந்தக் கோட்டைக்குக் கல் சுமந்தவன் யார், அவன் வயிற்றுக்குக் கிடைத்தது என்ன என்று நாம் கேட்பதில்லை. வகுப்பறையிலும் மன்னர் பெயர்களையே மனப்பாடம் செய்யச் சொல்லுகிறோம். கேட்காத அந்தக் கேள்வியோடு, இங்கிலாந்தும் வேல்சும் சந்திக்கும் எல்லைப்புறத்தைப் பார்த்து வருவோம், வாருங்கள்.

1066இல் நார்மண்டி வில்லியம் இங்கிலாந்தை வென்றான். வேல்சு மக்களோ அடங்கவில்லை. எல்லையைக் காக்க ஹியர்ஃபோர்டு, ஷ்ரூஸ்பரி வட்டாரங்களைத் தன் துணைவர்களுக்கு வழங்கினான். அவ்வழி எழுந்த எல்லைப் பிரபுக்கள், வேல்சு மண்ணில் தாம் பிடித்த இடமெல்லாம் முடிசூடா மன்னராயினர். அரசனின் ஆணை அங்கே செல்லாது. கோட்டை கட்ட அனுமதி வேண்டாம். போர் தொடுக்கத் தடையில்லை. வழக்கு மன்றமும் அவர்களுடையதே!

ஹியர்ஃபோர்டுஷயரில் கில்பெக் என்றொரு சிற்றூர். மண்ணைக் குவித்து மேடாக்கி, அதன்மேல் எழுப்பிய கோட்டை ஒருபுறம். 1140ஆம் ஆண்டளவில் மணற்கல்லால் கட்டிய மாதாகோயில் மறுபுறம். வாள் இங்கே, வேதம் அங்கே, இடையிலே உழவன்! அக்காலத்துப் பண்ணையடிமை, பிரபுவின் நிலத்தில் கூலியின்றி உழைத்தான். மாதாகோயிலின் ஆளுகைக்குட்பட்ட ஊர் வட்டத்துக்குப் பாரிஷ் என்று பெயர். அந்தப் பாரிஷுக்கு அவன் தந்தது தசமபாகம்: கதிரில் பத்தில் ஒன்று, ஆட்டுக்குட்டியில் பத்தில் ஒன்று, கம்பளியிலும் பத்தில் ஒன்று!

கில்பெக் கோயிற் சுவரில் நாயும் முயலும் விந்தை விலங்குகளும் இன்றும் கல்லில் உயிர்த்து நிற்கின்றன. கட்டுவித்த பிரபு ஹியூவின் பெயர் ஏட்டில் இருக்கிறது. உளி பிடித்தவன் பெயர்? இல்லை!

காலம் திரும்பிற்று. எட்டாம் ஹென்றியின் காலத்தில், 1536இல் தொடங்கிய சட்டங்கள் எல்லைப் பிரபுக்களின் தனியாட்சியை முடித்தன. 1646இல், உள்நாட்டுப் போரின்போது, வை ஆற்றங்கரையிலுள்ள குட்ரிச் கோட்டையில் மன்னன் கட்சியினர் பதுங்கினர். அவ்வட்டாரத்திலேயே வார்த்த 'முழங்கும் மெக்' என்னும் பீரங்கியால் பாராளுமன்றப் படை தாக்கிற்று. கோட்டை பணிந்தது, பின்னர் இடிக்கப்பட்டது.

கோட்டை வீழ்ந்தது, கொடுமை வீழ்ந்ததா? அதுதான் இல்லை! 1649இல் மன்னன் சார்லசின் தலையையே வாங்கிய பாராளுமன்றம், தசமபாகத்தை ஒழிக்கவில்லை. கொடுக்க மாட்டோம் என்ற குவேக்கர்கள் சிறை சென்றனர். தானியமாக அளந்ததைப் பணமாக மாற்றும் சட்டமே 1836இல்தான் வந்தது. 1894இல்தான் சிற்றூரின் பொதுக் காரியங்கள் மாதாகோயிலின் பிடியிலிருந்து விலகி, மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களிடம் வந்தன. அந்த மன்றங்களில் பெண்களும் வாக்களிக்கலாம், உறுப்பினராகலாம் என்றாயிற்று.

பீரங்கிக்குக் கோட்டையைப் பணிய வைக்கச் சில வாரங்கள் போதும். பழக்கத்தைப் பணிய வைக்கவோ, குட்ரிச் வீழ்ந்த பின்னும் சுமார் 250 ஆண்டுகள் தேவைப்பட்டன! கல்லாலான கோட்டை கண்ணுக்குத் தெரிகிறது. கருத்திலே கட்டிய கோட்டை தெரிவதில்லை. அதனால்தான் அதை இடிக்க, வெடிமருந்தினும் வலிய அறிவும், சிறைக்கு அஞ்சாத நெஞ்சும், விடாத உழைப்பும் வேண்டியிருக்கின்றன.

கில்பெக் கோட்டை இன்று புல் மூடிய மேடு. மேலே சில சுவர்த் துண்டுகள். அம்மேட்டின் மண்ணைக் கூடை கூடையாகச் சுமந்தவர்களின் பெயரை நாம் அறியோம். ஆனால், இனி வரலாறு படிக்கும்போது அவர்களைப் பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டோம்!