கூரையில் ஏறிய கீற்று

மரத்திலிருந்து விழுந்த தென்னை மட்டை அப்படியே கூரைக்குப் போவதில்லை. நடுத்தண்டில் இரண்டாகப் பிளந்து, குட்டையில் சில நாள் ஊறப்போட வேண்டும். ஊறினால்தான் ஓலை முறியாமல் வளையும். முடைகிறவர் தரையில் குந்தி, தண்டைக் காலால் அழுத்திக்கொண்டு, ஒன்றுவிட்டு ஒன்றாக ஓலையை மேலும் கீழும் இழுத்துப் பின்னுவார். ஓரத்தை முடிச்சிட்டு வெயிலில் காயப்போட்டால் மட்டை கீற்றாகிவிடும்.

வானூர் வட்டத்து இரும்பையும் அதைச் சுற்றிய செம்மண் ஊர்களும் இந்தக் கீற்றின் கீழேதான் பல தலைமுறை தூங்கின. 1968-ல் பக்கத்திலேயே ஆரோவில் தொடங்கியபோது, அங்கே குடியேறிய வெளிநாட்டவரும் முதலில் கீற்றுக் கொட்டகைகளில்தான் இருந்தார்கள். சவுக்குக் கழிமேல் வரிச்சு, வரிச்சின்மேல் கீற்று. கீழ் வரிசையிலிருந்து மேலேறி, ஒன்றன் மேல் ஒன்று ஏறிப் படிய, கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். அந்த அடுக்குகளுக்குள் சிக்கி நிற்கும் காற்றுதான் உச்சி வெயிலைத் தடுப்பது. எடை குறைவு என்பதால் கூரையில் சூடு தங்காது. பொழுது சாய்ந்ததுமே ஆறிவிடும்.

சுவருக்கும் கூரைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பங்குனி, சித்திரையில் யாரும் அடைப்பதில்லை. உள்ளே சேரும் சூடும் அடுப்புப் புகையும் அதன் வழியேதான் வெளியேறும். மார்கழியில் அதே சந்து பனிக்காற்றை உள்ளே விடும். அப்போது பழைய சாக்கு, வைக்கோல், ஓலைத் தட்டி என்று கிடைத்ததைச் செருகுவார்கள். மண்சுவரின் வெடிப்பில் களிமண்ணைக் குழைத்துப் பூசி, சாணம் மெழுகுவார்கள். தை போனதும் தட்டியை உருவிவிடலாம். கோடைக்கும் பனிக்கும் ஒரே வீட்டை இப்படி மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர்களின் வேலையைச் சாதாரணமாக எண்ண எனக்கு மனம் வராது.

ஆனால் கீற்றின் ஆயுள் இரண்டு, மூன்று வருஷம்தான். கரையான் அரிக்கும், மழையில் மக்கும், தீப்பொறி பட்டால் நொடியில் பற்றிக்கொள்ளும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் சமையல்கூடத்துத் தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பறித்தது. அதன்பின் பள்ளிகளின் மேல் கீற்று இருக்கக் கூடாது என்றானது. அது சரியான முடிவு. 2010-ல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்க வந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறி, இந்தக் கரையோரத்துக் கூரைகளைப் பிய்த்தெறிந்த பிறகு, தளம் போட்ட வீட்டை விரும்பாதவர் யார்?

அந்தத் தளமோ பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, இரவில் தூங்குகிறவர் மேல் இறக்குகிறது. மின்விசிறி அந்த அனலையே சுற்றிவிடுகிறது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டி, மேலே தட்டோடு பதித்தால் சூடு குறையும். கையில் காசு தீர்ந்த வீடுகள் பல அதைச் செய்யாமலே நின்றுவிடுகின்றன.

அதனால்தான் கீற்று மறுபடி மேலே ஏறுகிறது, இந்த முறை மொட்டை மாடிக்கு. தளத்தை ஒட்டிப் பரப்பாமல் ஆள் நிற்கும் உயரத்தில் பந்தலாகப் போட்டால், நடுவில் காற்று ஓடி வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். மின்கம்பியும் அடுப்பும் அருகில் இருக்கக் கூடாது. ஐப்பசி மழைக்கு முன் அவிழ்த்துவிட்டால் புயலுக்குப் பயமில்லை. பந்தலுக்கு வழியில்லாதவர்கள் தளத்தில் வெள்ளைச் சுண்ணாம்பாவது அடிக்கலாம். வெயிலில் பெரும்பங்கு பட்டதும் திரும்பிவிடும். அரசு கட்டித்தரும் வீட்டின் மதிப்பீட்டிலேயே இந்தச் செலவையும் சேர்த்துவிட்டால், சித்திரையில் பாயை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓட வேண்டியிருக்காது.