திகில் நோயும் திருச்சபையும்: ஸ்டான்லி ஜோன்ஸ் வரலாறு தரும் வெளிச்சம்

உத்திரமேரூரை அடுத்த மானாம்பதி போன்ற சிற்றூர்களில் ஆயர் பணி புரிவோர்க்கு இந்நிலை புதிதன்று. நன்றாக இருந்த ஒருவர் திடீரெனக் கலங்குகிறார். நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, கைகால் வெலவெலத்து விரல்கள் மரத்துப்போகின்றன. இதோ உயிர் போகப்போகிறது, அல்லது புத்தி பேதலித்துவிடும் என்னும் அச்சம் ஆட்கொள்கிறது. சில நிமிடங்களில் உச்சத்தை எட்டிப் பின்னர் தானே தணிகிறது. காற்றுக் கருப்பு அடித்தது என்று அயலார் மந்திரிக்கச் சொல்வர். சபையாருள் சிலரோ அசுத்த ஆவி என்பர். அன்றேல் அவிசுவாசம் என்பர். இவற்றுள் அவிசுவாசம் என்னும் தீர்ப்பே மிகக் கொடிது என்பது என் கருத்து. மந்திரிப்பவர் நோயாளியைக் குற்றவாளியாக்குவதில்லை.

இத்தீர்ப்பு எத்துணைப் பொருந்தும் என்பதை அறிய, இந்தியத் திருச்சபை நன்கறிந்த ஊழியர் ஒருவரின் வரலாற்றை நோக்குவோம்.

அமெரிக்க மெதடிஸ்ட் அருட்பணியாளராகிய ஈ. ஸ்டான்லி ஜோன்ஸ் 1907ஆம் ஆண்டு இந்தியா வந்து, லக்னோவில் ஆங்கில சபையொன்றின் ஆயரானார். பின்னர் சீதாப்பூர்ப் பகுதியில் பொறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அவர்மீது ஏறின. எட்டாண்டுகளின் முடிவில் அவர் பன்முறை நிலைகுலைந்து வீழ்ந்தார். விடுப்பில் தாய்நாடு செல்லும் கப்பலிலே, ஞாயிறு ஆராதனையில் பேசும்பொழுதும் இது நேர்ந்தது. ஓராண்டு ஓய்வுக்குப் பின் திரும்பும் வழியில், மணிலாவில் மாணவர் கூட்டங்களுக்கிடையே அது மீண்டும் வந்தது. இந்தியா வந்ததும் நேரே மலைவாசத்துக்குச் சென்றார். சமவெளிக்கு இறங்கியபின்னும் பயனில்லை. ஊழியத்தை விட்டு ஏதேனும் பண்ணையில் உழைத்து உடலைத் தேற்றவேண்டுமோ என்றெண்ணும் நிலைக்கு வந்தார்.

இன்றைய மருத்துவர் இதற்கு என்ன பெயரிடுவர் என்று நூறாண்டு கழித்து நாம் முடிவுகட்டுதல் முறையன்று. அக்காலத்தில் நரம்புத் தளர்ச்சி என்னும் ஒரே பெயருக்குள் களைப்பு, நடுக்கம், அச்சம் யாவும் அடங்கின. 1871இல் அமெரிக்க மருத்துவர் டா கோஸ்டா, உள்நாட்டுப் போர் வீரரிடம் கண்ட படபடப்பை இதயக் கோளாறாகவே எழுதினார். 1895இல் ஃபிராய்டு அச்ச நோயை நரம்புத் தளர்ச்சியினின்று பிரித்துக் காட்டினார். திகில் நோய் தனிப் பெயருடன் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வகைப்பாட்டில் இடம்பெற்றது 1980இல்தான். ஆதலின் நம் முன்னோர் அறியாது உரைத்ததை நாம் கடிந்துகொள்ள வேண்டுவதில்லை. நாம் அறிந்தும் உரைத்தால் அது வேறு.

ஜோன்ஸின் விடுதலையில் தமிழர்க்கும் ஒரு பங்குண்டு. லக்னோ மத்திய மெதடிஸ்ட் ஆலயத்தில் தமிழ் டேவிட் எனப் பெயர்பெற்ற சுவிசேஷகர் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார். பின்புறத்தில் பிறருக்காக முழங்காற்படியிட்டு மன்றாடிய ஜோன்ஸ், பணிக்கு நீ ஆயத்தமா என ஆண்டவர் வினவுவதைத் தம்முள் உணர்ந்தார். தம் வலிமை தீர்ந்ததென அறிக்கையிட்டார். கவலையை என்னிடம் விட்டுவிடு என்னும் மறுமொழியைப் பெற்று எழுந்தார். அதன்பின் ஐம்பதாண்டுகளுக்கு மேல், 1971இல் பக்கவாதத்தால் வீழும்வரை, நாடு நாடாய்ச் சென்று உழைத்தார்.

இந்த இடத்தில் வரலாற்றை நிறுத்திவிடுவது பிரசங்கியார்க்கு வசதி. ஜோன்ஸ் நிறுத்தவில்லை. ஜெபத்தில் நலம்பெற்ற அவரே 1950இல், அதே லக்னோவில், நூர் மன்சில் என்னும் கிறிஸ்தவ மனநல மருத்துவ நிலையத்தை நிறுவினார். ஒளி இல்லம் என்பது அப்பெயரின் பொருள். தமக்கு ஒரு மாலைப்பொழுதில் கிடைத்ததை எல்லார்க்கும் சட்டமாக்காமல், மருத்துவரையும் மருந்தையும் ஆலோசனையையும் ஜெபத்தோடு ஒரே கூரையின்கீழ் அமர்த்தினார். தன் அனுபவத்தை அளவுகோலாக்காத இப்பணிவு, அவருடைய நூல்கள் அனைத்தினும் பெரியது எனக் கருதுகிறேன்.

எல்லாருக்கும் அம்மாலைப்பொழுது வாய்ப்பதுமில்லை. ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பர் 1763இல் பிரபுக்கள் சபை அலுவலொன்றுக்கு முன்மொழியப்பட்டு, அனைவர் முன்னும் நடைபெறவிருந்த தேர்வை எண்ணி நடுங்கி, உயிரை மாய்த்துக்கொள்ளவும் முனைந்தார். மருத்துவர் காட்டனுடைய இல்லத்தில் தேறி, ரோமருக்கு எழுதிய நிருபத்தில் ஆறுதல் கண்டார். ஜான் நியூட்டனோடு சேர்ந்து இயற்றிய ஆல்னி பாமாலைகள் 1779இல் வெளிவந்தன. அதற்கு முன்பே, 1773இல், நோய் மீண்டிருந்தது. 1800இல் இருள் நீங்காமலே மறைந்தார். பாமாலை பாடியவரை அவிசுவாசி என்பார் யார்?

நம் பக்கத்திலேயே, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் பாகாயத்தில் மனநல மையத்தைத் தொடங்கியது. டாக்டர் ஃபிளாரன்ஸ் நிக்கல்ஸ் அதனை நிறுவியவர். நோயாளியோடு உறவினரும் தங்கி, நோயைப் பற்றிக் கற்றுக்கொள்வது அங்கு வழக்கமாயிற்று. தாய் கட்டிலருகே இருக்கவேண்டும் என்று எண்ணும் நம் குடும்பங்களுக்கு இது எத்துணை இயல்பானது!

சபை ஊழியர் அறியவேண்டிய சில உள. முதன்முறை நெஞ்சு படபடத்தால் திகில் என்று தாமே முடிவுசெய்தலாகாது. இதயமும் தைராய்டு சுரப்பியும் பரிசோதிக்கப்படவேண்டும். அவை நலமெனின், உடலின் அபாய மணி காரணமின்றி ஒலித்தது என்று நோயாளிக்கு விளக்கலாம். வேகமாக மூச்சிழுப்பதே விரல் மரத்தலையும் தலைச்சுற்றலையும் மிகுவிக்கும். ஆதலின் மெல்ல, நீள மூச்சு விடச் செய்தல் நன்று. மருந்தும் எண்ணங்களைச் சீர்செய்யும் ஆலோசனையும் பலருக்கு நற்பயன் தருகின்றன. 2022 முதல் 14416 என்னும் எண்ணில் அரசின் டெலி மானஸ் ஆலோசனையைத் தொலைபேசியிலேயே பெறலாம்.

திகிலை விடப் பெரிய சேதம் அதன்பின் வருவது. பேருந்தில் ஒருமுறை அது தாக்கினால் பேருந்தையே விட்டுவிடுவர். பிறகு சந்தையை, பிறகு ஆலயத்தை. இதற்கு மருத்துவர் கூறும் வழி, அஞ்சிய இடத்துக்கே சிறிது சிறிதாகத் திரும்புதல். உத்திரமேரூர் செல்ல அஞ்சும் சகோதரியோடு முதல் வாரம் பேருந்து நிறுத்தம்வரை நடக்கலாம். அடுத்த வாரம் ஒரு நிறுத்தம் உடன் செல்லலாம். பின்னர் அவரைத் தனியே ஏற்றிவிட்டு, திரும்பும் வண்டிக்காக அங்கேயே காத்திருக்கலாம்.